டவர் ஸ்பீக்கர்: வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

2016இல் ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கர் வாங்கினேன். முதல் மூன்று வருடம் சென்னையில் வாடகை ஃபிளாட்டில் இருந்தன. 2019இலிருந்து திருச்சியில் எங்கள் சொந்த வீட்டு ஹாலில் நிற்கின்றன. உறவுக்காரர்கள், அலுவலக நண்பர்கள், மகனின் கல்லூரித் தோழர்கள் என்று வீட்டுக்கு வருகிற எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவரவர் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதி, நான் சொன்ன பதில்களைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

மாடல் பெயரைச் சொல்லவில்லை, அது இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. உயரம் 105 செ.மீ., ஒன்று 22 கிலோ. கீழ் ஒலிக்கு 6.5 அங்குல வூஃபர் இரண்டு, மேல் ஒலிக்கு 1 அங்குலத் துணி ட்வீட்டர் ஒன்று, பின்பக்கம் போர்ட். சென்சிட்டிவிட்டி 88 டெசிபல். நடுத்தர விலையில் வரும் பெரும்பாலான டவர்கள் இதை ஒட்டித்தான் இருக்கும்.

"டவர் ஸ்பீக்கர்னா என்ன சார்? பெரிய ஸ்பீக்கர், அவ்ளோதானே?"

ஸ்டாண்டோ மேசையோ இல்லாமல் தரையில் நேரே நிற்கிற ஸ்பீக்கர். அந்த உயரமான பெட்டிக்குள் இருக்கும் காற்றுதான் முக்கியம். பெட்டி பெரிதானால் வூஃபர் கீழ் ஸ்தாயிக்குச் சிரமப்படாமல் இறங்கும். பின்னால் உள்ள குழாய்க்குப் போர்ட் என்று பெயர். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஒலிக்குமே, அதே வேலையைத்தான் போர்ட்டும் செய்கிறது. வூஃபர் களைத்துப்போகிற இடத்தில் பெட்டிக் காற்றே அதிர்ந்து கைகொடுக்கும்.

என்னுடையதில் கீழ் வூஃபர் பேஸ் மட்டும் வாசிக்கும். மேல் வூஃபர் பேஸோடு குரலையும் சேர்த்து வாசிக்கும். சலங்கை, ஜால்ரா மாதிரி நுண்ணிய ஒலி ட்வீட்டருக்குப் போகும். யாருக்கு எது என்று பிரித்துக் கொடுப்பது உள்ளே இருக்கும் கிராஸ்ஓவர்.

"ஸ்டாண்டுல வைக்கிற சின்ன ஸ்பீக்கரே போதாதா? எதுக்கு இடுப்பு உயரத்துக்கு மேல?"

குரல் தெளிவுக்கு மட்டும் என்றால் போதும். நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் பாடகரின் குரலை என் டவர் அளவுக்கே அழகாகக் கொடுக்கும், சில சமயம் அதைவிட நன்றாகவும். வித்தியாசம் கீழ் ஸ்தாயியில்தான். இரண்டு வூஃபர் சேர்ந்து இரட்டிப்புக் காற்றைத் தள்ளுகின்றன. அதனால் தவில் அடியும் பேஸ் கிட்டாரும் திணறாமல் வரும், சத்தம் கூட்டினாலும் குரல் கலங்காது.

சின்ன ஸ்பீக்கருக்கும் ஸ்டாண்ட் வாங்க வேண்டும், ஸ்டாண்ட் அடைக்கிற தரையும் டவர் அடைக்கிற தரையும் ஒன்றுதான். அறை 10க்கு 10 அடியோ அதற்கும் குறைவோ என்றால் மட்டும் சின்னதையே வாங்குங்கள். ஏன் என்பது அடுத்த இரண்டு பதில்களில் வரும்.

"முதல் நாள் கேட்டப்ப எப்படிண்ணே இருந்துச்சு?"

பெட்டிகளை நானும் மச்சானும் இரண்டாவது மாடிக்குப் படியேற்றிக் கொண்டுபோய், ஒயர் மாட்டி முடிக்க மாலை ஆறாகிவிட்டது. பள்ளிக்கூட நாள்களில் டேப் ரிக்கார்டரில் தேயத் தேயக் கேட்ட ஒரு பாட்டைத்தான் முதலில் போட்டேன். சரணத்துக்கு அடியில் ஒரு பேஸ் கிட்டார் தனியாக நடந்துகொண்டிருந்தது. வாசிப்பவரின் விரல் கம்பியில் வழுக்குகிற 'சர்' என்ற சத்தம்கூடக் கேட்டது. இருபது வருடம் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன், அப்படி ஒரு கிட்டார் அதில் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதே பாட்டை நான்கு தடவை போட்டோம்.

ஆனால் மூன்றாவது வாரத்திலேயே தலை கனக்க ஆரம்பித்தது. எந்தப் பாட்டு போட்டாலும் பேஸில் ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் வீங்கிக்கொண்டு வந்தது. முதல் நாள் 'பேஸ் அள்ளுதுடா' என்று நாங்கள் மகிழ்ந்ததில் பாதி அந்த வீக்கம்தான். ஸ்பீக்கரை மாற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதே ஸ்பீக்கர், அதே ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), திருச்சி வீட்டுக்கு வந்ததும் அந்தச் சுரம் அடங்கிவிட்டது. குறை ஸ்பீக்கரில் இல்லை, அறையில்தான்.

"எங்க ஹால் 12க்கு 12. தாராளமா வைக்கலாம்ல?"

வைக்கலாம், ஆனால் சதுர அறை என்பதைத் தெரிந்துகொண்டு வையுங்கள். எங்கள் சென்னை ஹாலும் அதே அளவுதான். நம் ஊர் 30 டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 12 அடி என்பது 3.66 மீட்டர். இரண்டு சுவருக்கு நடுவே அரை அலை சரியாக அடங்குகிற அதிர்வெண் எது என்று கணக்குப் போட்டால், 349ஐ 7.32ஆல் வகுக்க, கிட்டத்தட்ட 48 ஹெர்ட்ஸ் வரும். அந்த ஒலி இரு சுவருக்கும் இடையே ஊஞ்சலாடி வீங்கும். சதுர அறையில் நீளத்துக்கும் அகலத்துக்கும் அதே 48தான், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாவது கட்டத்தை அழுத்தினால் வருவது 49 ஹெர்ட்ஸ். என் தலையைக் கனக்க வைத்த சுரம் அதுதான்.

திருச்சி ஹால் 12க்கு 19 அடி. அகலத்துக்கு 48, நீளத்துக்கு 30. இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டதால் ஒரே இடத்தில் குவியவில்லை. சதுர அறைதான் இருக்கிறது என்றால் செலவில்லாத வழி ஒன்று உண்டு. சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். அந்த வீக்கம் சுவரோரத்தில்தான் உச்சம். நான் சோபாவை மூன்று அடி முன்னால் இழுத்த அன்றே பாதிச் சிக்கல் தீர்ந்தது. சரியாக அறையின் நடுவில் உட்கார்ந்தாலோ அந்தச் சுரம் ஏறக்குறைய காணாமலே போகும், அதுவும் நல்லதல்ல.

"சுவத்த ஒட்டி வைக்கக் கூடாதா? நடுவுல நிறுத்துனா நடக்கவே இடமில்லன்னு அம்மா திட்டுறாங்க."

முழுக்க ஒட்டினால் பேஸ் உப்பும், குரல்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு தட்டையாகக் கேட்கும். வெளியே இழுப்பதிலும் ஒரு விலை உண்டு. பின்சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை அழித்துவிடும். ஸ்பீக்கரின் முகப்பிலிருந்து சுவர் 1 மீட்டர் என்றால் 87 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம் விழும், தூரம் கூடக் கூடப் பள்ளம் கீழே இறங்கும். ஆகவே இத்தனை அங்குலம் என்று எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு அளவு கிடையாது.

நான் செய்தது இது. ஸ்பீக்கரின் அடியைச் சுற்றித் தரையில் காகித டேப் ஒட்டினேன். வாரம் ஒரு தடவை நான்கு விரல் அளவு முன்னால் இழுத்து, அதே மூன்று பாட்டுகளைக் கேட்டு, டேப்பில் தேதி எழுதினேன். சென்னையில் முதுகுக்கும் சுவருக்கும் ஒன்றரை அடி இடைவெளியில் நின்றது, திருச்சியில் இரண்டரை அடியில். வீட்டில் இடம் விடவே மாட்டார்கள் என்றால் போர்ட்டைப் பஞ்சால் அடைக்கலாம். பல ஸ்பீக்கர்களோடு அதற்கான பஞ்சு உருளை வரும். வராவிட்டால் சுருட்டிய ஒரு ஜோடி காலுறை போதும். பேஸ் கொஞ்சம் மெலியும், ஆனால் கட்டுக்குள் வரும்.

"மூலையில வச்சா பேஸ் இன்னும் கூடுமாமே?"

கூடும், தரமும் கெடும். மூலைக்கென்றே செய்யப்பட்டவை உண்டு. அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1940களில் செய்த கிளிப்ஷ்ஹார்ன் அப்படிப்பட்டது, அறையின் இரண்டு சுவர்களையுமே தன் குழலின் நீட்சியாக எடுத்துக்கொள்ளும். சாதாரண டவருக்கு அந்த அமைப்பு கிடையாது.

"நாங்க பாய் விரிச்சுத் தரையிலதான் உக்காருவோம். சில நேரம் ஊஞ்சல்ல. பரவாயில்லையா?"

இதை எந்தக் கடைக்காரரும் கேட்டு நான் பார்க்கவில்லை, நம் வீடுகளில் கட்டாயம் கேட்க வேண்டியது. டவரின் ட்வீட்டர் நாற்காலியில் உட்கார்ந்தவரின் காது மட்டத்துக்கு வருகிற மாதிரி, சுமார் 90 முதல் 100 செ.மீ. உயரத்தில் வைத்திருப்பார்கள். சம்மணமிட்டு உட்கார்ந்தால் காது ஒரு சாண் இறங்கிவிடும். என் அம்மா எப்போதும் தரையில்தான் உட்காருவார்கள். 'வீணை மந்தமா இருக்குப்பா' என்று அவர்கள் சொன்னபோது முதலில் எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் போய் நானும் தரையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

பெட்டியின் அடியில் இருக்கும் கூரான உலோகக் கால்களுக்கு ஸ்பைக் என்று பெயர். பின் ஸ்பைக்கை இரண்டு சுற்று வெளியே திருகி, ஸ்பீக்கரை மிக லேசாக முன்னால் சாய்த்தேன். அவர்களுக்கும் சரியானது, சோபாவுக்கும் கெடவில்லை. அதற்குமேல் சாய்க்க வேண்டாம், விழும் ஆபத்து உண்டு. ஊஞ்சலில் ஆடிக்கொண்டே கேட்டால் இடம், வலம் கலையும். ஊஞ்சல் நின்றிருக்கும்போது கேட்க ஒரு குறையும் இல்லை.

"ஸ்பைக் குத்தி டைல்ஸ் போயிடுமே?"

அடியில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். ஸ்பைக்கோடு வரும் உலோகத் தட்டு தொலைந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். நான்கு காலும் ஆடாமல் நிற்கிறதா என்று மேல்மூலையைத் தொட்டு அசைத்துப் பாருங்கள். ஆடினால் அதைச் சரி செய்வதுதான் முதல் வேலை.

வழவழப்பான டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் சேர்ந்தால் ஒலி சிதறி எதிரொலிக்கும். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே கனமான ஜமுக்காளம் ஒன்று விரியுங்கள். பவானி ஜமுக்காளம் விரித்த அன்று ஹாலில் பேச்சுக் குரலே மாறிவிட்டது.

"எத்தனை வாட்ஸ் ஆம்ப் வேணும்? கடைல 200 வாட்ஸ்ங்கிறான்."

88 டெசிபல் என்றால் 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் என்று அர்த்தம். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து, மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிற என் காதுக்கு அந்த 1 வாட்டிலேயே 80 டெசிபலைத் தாண்டி வந்துவிடும். அது நன்றாகவே சத்தம். அன்றாடம் நாம் செலவழிப்பது அந்த ஒரு வாட்டுக்குள்தான்.

பிறகு ஏன் அதைவிடப் பெரிய ஆம்ப்? தவிலில் கழி விழுகிற கணம் சராசரியைவிட 15, 20 டெசிபல் எகிறும். 20 டெசிபலுக்கு நூறு மடங்கு மின்சக்தி வேண்டும், அதாவது அந்தக் கணத்துக்கு மட்டும் 100 வாட். நான் வைத்திருப்பது 80 வாட் ஆம்ப், போதுமானதாக இருக்கிறது. 80ஐ 160 ஆக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். ஆகவே வாட்ஸ் எண்ணைத் துரத்தாமல், மின்தடை 4 ஓம் மட்டுமே உள்ள ஸ்பீக்கரையும் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 8 ஓம் என்று விற்கிற டவர்கள்கூடச் சில அதிர்வெண்களில் 4க்குப் பக்கத்தில் இறங்கும்.

"அப்ப சின்ன ஆம்ப் போட்டா ஸ்பீக்கருக்கு ஆபத்தே இல்லல்ல?"

இருக்கிறது, அனுபவித்திருக்கிறேன். 2018இல் மகன் பிறந்தநாளுக்கு என் ஆம்ப் ரிப்பேரில் இருந்தது. மச்சான் ஒரு சிறிய ஆம்ப் கொண்டுவந்து மாட்டினான். ஆட்டம் சூடுபிடிக்கச் சூடுபிடிக்க வால்யூமை முழுக்கத் திருப்பினான். சக்தி போதாமல் ஆம்ப் அலையின் தலையை வெட்டித் தள்ளியது. அப்படி வெட்டுப்பட்ட அலையில் மேல் அதிர்வெண்கள் எக்கச்சக்கமாகப் பெருகி ட்வீட்டருக்குப் போகும். அரை மணியில் இடது ட்வீட்டர் எரிந்துவிட்டது. பாகம் வர இரண்டு மாதம் ஆனது.

ஆம்ப் சிறியதோ பெரியதோ, குரல் கரகரக்க ஆரம்பித்தால் உடனே குறைக்க வேண்டும். அந்தக் கரகரப்பு ஒரு எச்சரிக்கை.

"கல்யாண மண்டபத்துல வைக்கிற பாக்ஸ் இதைவிட விலை கம்மி, சத்தம் ஜாஸ்தி. அதையே வாங்கி வச்சா என்ன?"

பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், சத்தம் அதிகம் வர வேண்டும், பேஸ் ஆழமாக இறங்க வேண்டும் என்ற மூன்றில் இரண்டைத்தான் ஒரு ஸ்பீக்கரில் பெற முடியும். இது இயற்பியல். மண்டபத்துப் பெட்டிகள் 95, 100 டெசிபல் சென்சிட்டிவிட்டிக்காக ஆழமான பேஸை விட்டுக்கொடுக்கின்றன, அதனால்தான் பக்கத்தில் தனியாக ஒரு பெரிய பேஸ் பெட்டி நிற்கும். நூறு பேருக்கு எட்ட வேண்டிய கருவி அது. பத்தடியில் உட்கார்ந்து கேட்டால் காது சீக்கிரம் களைத்துவிடும்.

"ஒயருக்கு எவ்ளோ செலவு பண்ணீங்க சார்?"

வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மி.மீ. செப்பு ஒயர், இரண்டு நிறத்தில். 5 மீட்டர் தூரத்துக்குப் போக, வர மொத்த மின்தடை 0.07 ஓம்தான். அதற்குமேல் ஒயருக்கு ஒதுக்கிய பணத்தை ஜமுக்காளத்துக்கும் திரைச்சீலைக்கும் போடுங்கள்.

"நூறு மணி நேரம் ஓட்டுனாத்தான் ஸ்பீக்கர் செட்டாகும்னு கடைல சொன்னாங்க."

வூஃபரைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் தளரும், அது உண்மை. மற்றபடி பழகுவது நம் காதுதான். புது ஸ்பீக்கர் பிடிக்கவில்லை என்றால் 'ஓட ஓடச் சரியாகும்' என்று காத்திருந்து, திருப்பிக் கொடுக்கும் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

"நாங்க கேக்குறதெல்லாம் பழைய பாட்டுப்பா. அது மோனோதானே? அதுக்கு எதுக்கு ரெண்டு டவர்?"

மாமா கேட்ட கேள்வி. மோனோ என்றால் ஒரே தடத்தில் பதிவானது, அதனால் ஐம்பது, அறுபதுகளின் பாட்டு இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரிதான் வரும். சரியாக வைத்திருந்தால் பாடகர் இரண்டு டவருக்கும் நடுவே, எதுவுமே இல்லாத அந்த வெற்றிடத்தில் நின்று பாடுவார். மாமாவை நடு சோபாவில் உட்கார வைத்து, விளக்கை அணைத்துவிட்டு ஒரு பழைய பாட்டைப் போட்டேன். பாட்டு முடிந்ததும் எழுந்துபோய், நடுவில் இன்னொரு ஸ்பீக்கரை மறைத்து வைத்திருக்கிறேனா என்று டிவி மேசைக்குப் பின்னால் பார்த்தார்.

ஸ்பீக்கர் அமைப்பைச் சோதிக்க மோனோ பாட்டைவிடச் சிறந்த கருவி வீட்டில் கிடையாது. குரல் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒடுங்கி நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் தூரத்தை அளந்து சரி செய்யுங்கள். குரல் எங்கும் நிற்காமல் அறை முழுக்கப் பரவி, பேஸும் காணாமல் போனால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறி மாட்டியிருக்கிறீர்கள்.

"சினிமாப் பாட்டு சரி. கச்சேரி எப்படிக் கேக்குது?"

எனக்கு இந்த ஸ்பீக்கர்மேல் பிரியம் வந்ததே மிருதங்கத்தால்தான். அதன் வலது முகமான வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்புச் சோறு தோலுக்குக் கனம் கொடுப்பதால்தான் அதன் ஒலி வெறும் 'தட்'டாக இல்லாமல் சுருதியோடு நிற்கிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் இதை ஆராய்ந்து 1934இல் விரிவாக எழுதினார். மற்ற மேளங்களில் முரண்டுபிடிக்கும் துணை அதிர்வுகள் இதில் ஒழுங்காக ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று காட்டினார். அந்தப் பொருத்தம் கேட்க வேண்டுமென்றால் வூஃபரும் ட்வீட்டரும் ஒரே குரலாக இணைந்திருக்க வேண்டும். இடது முகமான தொப்பியில் ரவை ஒட்டி வாசிக்கும் கும்கி, குழைந்து குழைந்து வருமே, அது செல்போனில் ஒரு சின்ன முனகல். டவரில் அது சோபாவின் கைப்பிடியில் தெரியும்.

நாதஸ்வரம்தான் கடினமான பரீட்சை. ட்வீட்டர் கூர்மையாக இருந்தால் இரண்டே நிமிடத்தில் காது சுருங்கும். கடைக்குக் கேட்கப் போகும்போது அவர்கள் போடும் ஆங்கிலப் பாட்டோடு நிற்காமல், நாதஸ்வரம், தவில் பதிவு ஒன்றை நீங்களே பென்டிரைவில் கொண்டுபோங்கள். அடுத்தது தம்புரா. நான்கு கம்பிகளின் ரீங்காரம் தனித்தனியாக விரிகிறதா, ஒரே இரைச்சலாகக் குழம்புகிறதா என்று கேளுங்கள். ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு இதைக் கேட்கவே முடியாது, இரண்டில் வையுங்கள்.

"டவர் இருந்தா சப்வூஃபர் தேவையில்லல்ல?"

சப்வூஃபர் என்பது ஆழமான பேஸை மட்டும் வாசிக்கும் தனிப் பெட்டி. பாட்டுக்குத் தேவையில்லை. பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ், என் டவர் 35 வரை இறங்கும். படங்களில் வரும் வெடியும் இடியும் அதற்கும் கீழே போகும், அங்கேதான் சப்வூஃபர் வேண்டும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சதுர அறையின் 48 ஹெர்ட்ஸ் வீக்கத்தைப் பற்றி மேலே சொன்னேன். டவரை நாம் குரலுக்காக ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும், சப்வூஃபரை அறையில் எங்கு வேண்டுமானாலும் நகர்த்தி அந்த வீக்கத்தைக் குறைக்கலாம். சிக்கலான அறைக்கு, சின்ன ஸ்பீக்கரும் நகர்த்தக்கூடிய சப்வூஃபரும் சில நேரம் டவரைவிட நல்ல முடிவு.

"ராத்திரி மெதுவா வச்சா பாட்டு சப்புனு இருக்கே. ஸ்பீக்கர் கோளாறா?"

இல்லை, காதின் இயல்பு. சத்தம் குறையக் குறைய மனிதக் காது பேஸை மற்றவற்றைவிட வேகமாக இழந்துவிடும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். ஆம்ப்பில் 'லவுட்னஸ்' பொத்தான் இருந்தால் அது இதற்குத்தான். இல்லாவிட்டால் பேஸ் குமிழை இரண்டு கோடு கூட்டிக்கொள்ளுங்கள், காலையில் மறக்காமல் திருப்பி வையுங்கள்.

"ஃபிளாட்ல பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வரமாட்டாங்களா?"

குரல் சுவரில் நிற்கும், பேஸ் கான்கிரீட்டில் இறங்கிப் போகும். கீழ்வீட்டுப் பெரியவர் ஒரு நாள் மேலே வந்து, 'பாட்டு கேக்கலை தம்பி, குத்து மட்டும் கட்டில்ல வருது' என்றார். நான் அவர் வீட்டுக்குப் போய் அவர் கட்டிலிலேயே உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னது முழு உண்மை. அடியில் ரப்பர் விரிப்பு போட்டதில் தரை அதிர்வு சற்றுக் குறைந்தது, காற்றின் வழியே போகும் பேஸ் குறையவில்லை. அதன்பிறகு இரவு ஒன்பதுக்குப் போர்ட்டை அடைத்துவிடுவேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் எல்லை. 45 என்பது மெல்லிய பேச்சு. சட்டத்தைவிட, கீழே படுத்திருப்பவரின் தூக்கம் பெரிது.

"பராமரிப்பு ஏதும் உண்டா? தூசி தட்டுனா போதுமா?"

நம் ஊரில் தூசியைவிடப் பெரிய எதிரிகள் உண்டு. 2021 கோடையில் பதினைந்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது வலது ஸ்பீக்கர் மட்டும் தொண்டை அடைத்த மாதிரி வாசித்தது. போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். குளவி மண்கூடு கட்டியிருந்தது, விரல் நீளத்துக்கு நான்கு அறைகள். காய்ந்த மண்ணை உள்ளே விழாமல் கரண்டியால் பெயர்த்தெடுக்க ஒரு மணி நேரம் ஆனது. இப்போது வெளியூர் போனால் போர்ட்டுக்குக் கொசுவலைத் துண்டு கட்டிவிட்டுத்தான் போகிறேன். பல்லிக்கும் அதுவே காவல்.

அடுத்தது தண்ணீர். பெட்டி, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையால் ஆனது, ஈரம் பட்டால் ஊறிப் பெருக்கும், பிறகு பழைய நிலைக்கு வராது. தினமும் தரை துடைக்கும்போது மாப் இடித்து, சென்னையிலேயே இடது ஸ்பீக்கரின் ஒரு மூலை உப்பிவிட்டது. ஸ்பைக் மேல் நிறுத்தினால் இந்தச் சிக்கல் இல்லை, அதற்காகவே ஸ்பைக் போடலாம். வூஃபர் நடுவில் இருக்கும் குமிழைக் குழந்தைகள் கட்டாயம் அமுக்குவார்கள், ஆகவே முன்வலையைக் கழற்றாதீர்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் 22 கிலோப் பெட்டியைச் சுவரோடு பட்டையால் கட்டாமல் வைக்கவே வேண்டாம்.

"செகண்ட் ஹேண்ட் கம்மியா வருது, வாங்கலாமாண்ணா?"

வாங்கலாம், பார்த்துத்தான். வூஃபர் விளிம்பு ரப்பரா ஃபோமா என்று முதலில் பாருங்கள். நம் கடலோர ஈரத்தில் ஃபோம் பத்துப் பதினைந்து வருடத்தில் பொடியாக உதிரும், ரப்பர் நெடுநாள் நிற்கும். விரல் நுனிகளால் கூம்பை மெல்ல உள்ளே அமுக்கி விடுங்கள், உரசும் சத்தம் கேட்டால் வேண்டாம். இரண்டு ட்வீட்டரும் பாடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் காதை அருகில் வைத்துக் கேளுங்கள், எரிந்த ட்வீட்டர் தூரத்திலிருந்து தெரியாது. எம்டிஎஃப் அடிமூலைகளைத் தடவிப் பாருங்கள்.

"வாங்குனவங்க எழுதுறதப் படிச்சா ஒரே மாடலை ஒருத்தர் சொர்க்கம்ங்கிறார், இன்னொருத்தர் இரைச்சல்ங்கிறார். யாரை நம்புறது?"

இருவரும் உண்மையையே சொல்லியிருக்கலாம். மூன்றாவது கேள்வியில் சொன்ன என் கதையை நினைத்துப் பாருங்கள். 2018இல் என்னைக் கேட்டிருந்தால் 'பேஸ் வீங்கும்' என்று எழுதியிருப்பேன், 2020இல் 'பேஸ் கச்சிதம்' என்று. இரண்டும் ஒரே ஸ்பீக்கரைப் பற்றி.

கண்ணும் காதை ஏமாற்றும். ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஒலி ஆய்வாளர்கள் 1994இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஹார்மன் நிறுவனத்தின் ஊழியர்கள் 40 பேர், அதே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்தும், பார்த்துக்கொண்டும் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். கண்ணால் பார்த்தபோது பெரிய ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் ஏறியது, மலிவான சிறிய செட்டுக்கு இறங்கியது. பார்த்துக்கொண்டு கேட்டவர்கள், ஸ்பீக்கரின் இடம் மாறியதால் வந்த வித்தியாசத்தைக்கூடச் சரியாகக் கவனிக்கவில்லை.

அதனால் ஒருவர் எழுதியதைப் படிக்கும்போது நான்கு விஷயம் தேடுவேன். அறை அளவு சொல்கிறாரா, சுவரிலிருந்து எவ்வளவு தூரம், என்ன இசை கேட்கிறார், வாங்கி எத்தனை மாதம். 'முதல் நாளே மிரண்டுட்டேன்' என்பதைத் தாண்டிவிடுவேன். 'ஒரு வருடம் கழித்து எழுதுகிறேன், படுக்கையறையில் சுமார், ஹாலுக்கு மாற்றியதும் நன்றாக இருக்கிறது' என்று ஒருவர் எழுதியிருந்தால் அதை இரண்டு தடவை படிப்பேன்.

"இப்ப மறுபடி வாங்குறதா இருந்தா இதையேதான் வாங்குவீங்களா?"

திருச்சி ஹாலுக்கு என்றால் கண்டிப்பாக இதையே. சென்னை ஹாலுக்கு என்றால் சின்ன ஸ்பீக்கரும் ஸ்டாண்டும், மிச்சக் காசில் ஒரு சப்வூஃபரும் வாங்கியிருப்பேன். கடையில் கேட்டு முடிவெடுக்காமல், இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்கத் தருகிற கடையைத் தேடியிருப்பேன், வண்டிக் கூலி நானே கொடுத்தாவது. எங்கள் வீட்டுக்கு வந்து கேட்க நினைப்பவர்கள் ஞாயிறு காலை வாருங்கள். அம்மா தரையில் தன் இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், நடு சோபா உங்களுக்கு.